வீட்டுக் கடனுக்குப் பேப்பர் செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: எனக்குப் போனது 85,000

எண்பத்தையாயிரம் ரூபாய். அது போனது போனதுதான் என்று முந்தாநாள்தான் தெரிந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடனுக்குப் போடப்போகிறவர்கள் முழுதாக வாசியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் ஒழுங்காகச் சொல்கிறேன்.

நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். தெஹிவளையில் ஒரு பழைய வீடு சரிவந்தது. வங்கியில் கேட்டதும் ஒரு தாளை நீட்டினார்கள். காணி உறுதி (பத்திரம்), நில அளவைப் படம், காணிப் பதிவகத்தில் 30 வருட எக்ஸ்ட்ராக்ட் (பதிவேட்டுப் பிரதி), மாநகர சபையில் ஸ்ட்ரீட் லைன் (வீதி எல்லைச் சான்றிதழ்), நொன் வெஸ்டிங் (காணி சபையின் கைக்குப் போகவில்லை என்ற சான்றிதழ்), அங்கீகரித்த கட்டடப் படம், சோலைவரி ரசீது, சம்பளக் கடிதம், ஆறு மாத வங்கிக் கூற்று. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். இதற்கெல்லாம் லீவு எங்கே கிடைக்கும்?

அந்த நேரம் பார்த்து இணையத்தில் ஒரு விளம்பரம். 'பேப்பர் எல்லாம் நாங்கள் பார்க்கிறோம், நீங்கள் கையெழுத்து மட்டும் வைத்தால் போதும்.' கூப்பிட்டேன். அன்று பின்னேரமே ஒருவன் வந்துவிட்டான். முப்பது வயது இருக்கும், சுத்தமான சேர்ட், கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல்.

நான் விழுந்த இடத்தைச் சொல்ல வேண்டும். உறுதி சிங்களத்தில் இருந்தது. பஸ்ஸிலும் கடையிலும் பேசுகிற சிங்களம் எங்களுக்கு வரும், நொத்தாரிசு எழுதுகிற சிங்களம் வராது. அவன் சாப்பாட்டு மேசையில் உறுதியை விரித்து, அட்டவணையில் விரலை வைத்து, வடக்கே இன்னார் காணி, கிழக்கே பாதை என்று ஒவ்வொரு எல்லையாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். பிறகு நில அளவைப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். "அக்கா, உறுதியில 6.5 பேர்ச், படத்தில 6.45. வங்கி இதைக் கட்டாயம் கேட்கும். நல்ல வேளை, நான் பார்த்தன்." உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது! அம்மா உள்ளே போய் இரண்டாவது தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். நான் அந்த இடத்திலேயே 50,000 எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது, வேறென்ன.

மூன்று கிழமை கழித்து, ஃபைலைக் கையில் தருவதற்கு முன் மிச்சம் 35,000 வேண்டும் என்றான். கொடுத்தோம். மொத்தம் 85,000.

வங்கியின் சட்டத்தரணி ஃபைலைத் திறந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. எக்ஸ்ட்ராக்டின் கீழ் மூலையில் பென்சிலை வைத்தார். இந்தப் பதிவு இன்னொரு ஃபோலியோவுக்கு (பதிவேட்டுப் பக்கத்துக்கு) போகிறது என்று அங்கே ஒரு சின்னக் குறிப்பு. "அடுத்த ஃபோலியோ எங்கே?" என்று கேட்டார். இல்லை. அதை எடுக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் அதில் வீட்டை விற்கிறவர் வைத்த ஈடு (அடமானம்) ஒன்று மீட்காமல் அப்படியே கிடக்கிறது. (காசு கட்டி முடிந்தது, மீட்பு பதிய மறந்துவிட்டேன் என்கிறார் அவர். அது வேறு கதை.) ஸ்ட்ரீட் லைனும் நொன் வெஸ்டிங்கும் வெறும் கொப்பி. ஒரிஜினல் கேட்டார்கள்.

அவனுக்கு ஃபோன் எடுத்தேன். முதல் நாள், "திங்கட்கிழமை கையில தாறன் அக்கா." திங்கள், போயா லீவு. செவ்வாய், சபையில் கொம்பியூட்டர் வேலை செய்யவில்லையாம். புதன், அவனுடைய பெரியம்மாவுக்குச் சுகமில்லை. வியாழன் என்னுடைய நம்பரை எடுக்கவில்லை, கணவரின் ஃபோனில் எடுத்தபோது உடனே ஆன்சர் பண்ணினான். ஈட்டைப் பற்றிக் கேட்டதற்கு என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, எக்ஸ்ட்ராக்ட் எடுத்துத் தாறன் எண்டுதான் சொன்னன், வாசிச்சுத் தாறன் எண்டு சொல்லேல்லையே." 85,000 வாங்கினவனின் பேச்சு இது. அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் அவனுடைய புரொஃபைல் படமும் இல்லை.

பொலிஸுக்கும் போனோம். ரசீது இருக்கா என்றார்கள்.

நேற்று அரை நாள் லீவு போட்டு, 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி நானே மாநகர சபைக்குப் போனேன். அவன் தந்த கொப்பியைக் காட்டினேன். மேசையில் இருந்த அலுவலர் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, இது எங்களுடையதே இல்லை என்றார். விண்ணப்பப் படிவம் தந்தார், கட்டணம் கட்டினேன், திரும்பி வந்தேன். கட்டணம் எவ்வளவு என்று சொன்னால் இன்னும் வயிறு எரியும்.

சரி, சொல்ல வந்தது. உறுதியின் ஒரிஜினலை யாரிடமும் விடாதீர்கள். நான் கொப்பிதான் கொடுத்தேன், அது ஒன்றுதான் நல்ல காலம். வங்கி எப்படியும் தன் சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவுகளைத் தேடிப் பார்க்கும், அதற்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள், ஆகவே நடுவில் ஒருவனுக்குக் கொடுக்காதீர்கள். எக்ஸ்ட்ராக்டில் கீழ் மூலையைப் பாருங்கள். கிரிப் அறிக்கையும் (உங்கள் கடன் விபரம் காட்டுவது) எடுத்துத் தருகிறேன் என்றானென்றால் அடையாள அட்டைக் கொப்பியைக் கொடுக்காதீர்கள், அதை நீங்களே கேட்டு வாங்கலாம். காசு கொடுத்தால் ரசீது. வேறும் இருக்கிறது, இப்போது ஞாபகம் வருகுதில்லை. நாளைக்குக் காலையில் திரும்பவும் பதிவகத்துக்குப் போக வேண்டும்.