பசுமை வீடு: பல வருடம் குடியிருந்த அனுபவம்

சூழலுக்கு உகந்த வீடு என்றதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது சோலார் பேனலைத்தான். எங்கள் மாடியிலும் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடம் குடியிருந்த பிறகு என்னைக் கேட்டால், ஸ்விட்சே இல்லாத விஷயங்கள்தான் அதிகம் உழைக்கின்றன என்பேன்.

சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராட் ட்ராப் பாண்ட் முறையில், செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டியது. வழக்கமான 9 அங்குலச் சுவரைவிடச் செங்கல் ஏறக்குறைய 25% குறைவு. உள்ளே அடைபட்ட காற்றால் வெயில் சூடு அறைக்குள் இறங்கத் தாமதமாகிறது. சங்கடமும் உண்டு. பிறகு நினைத்த இடத்தில் ஒயரிங்குக்காகக் கொத்த முடியாது. கனமான அலமாரியைத் தொங்கவிடவும் யோசிக்க வேண்டும். பிளக் பாயிண்ட் எங்கெங்கே என்பதைக் கட்டும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே போட்ட மரச்சட்டத் தடுப்பு இன்னொரு நல்ல வேலை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரைச்சீலையால் மறைத்து என்ன பயன்? சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டதே. மாடியின் வெள்ளைப் பூச்சு புதிதில் பிரமாதம். தூசியும் பாசியும் ஏறியதும் பலன் குறைகிறது. கழுவிவிட வேண்டும், அப்புறம் மறுபூச்சு.

மழைநீர்க் கணக்கு எளிது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது போகக் கொஞ்சம் குறையும். முதல் மழையின் அழுக்கு நீரைத் தனியாக வெளியேற்றும் குழாய் இல்லாவிட்டால் பறவை எச்சமும் தொட்டிக்குள்தான். குளியலறை நீர் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது, தொந்தரவில்லை. சமையலறை நீரை அதில் சேர்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பாத்தியை அடைத்துவிடும்.

சரி, சோலார். பேனல் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது, ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4% குறையும். அதனால் கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றோட இடைவெளி அவசியம். பலருக்குத் தெரியாத ஒன்று: பேட்டரி இல்லாத, கிரிட்டோடு (பொது மின் லைனோடு) இணைந்த அமைப்பு, மின்தடையின்போது நல்ல வெயிலிலும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படி. பேனலைவிட, அதன் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர்தான் முதலில் பழுதாகும். அதை நிழலில், கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். படுக்கையறைச் சுவரில் மட்டும் வேண்டாம், விசிறிச் சத்தம் எரிச்சலூட்டும்.