எல்தம் அரண்மனை: ஒரு கதவைத் தாண்டினால் 450 வருஷம்

லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில், வரிசை வீடுகளும் சின்னக் கடைகளுமாக இருக்கும் எல்தம் பகுதியில் இப்படி ஒரு வீடு ஒளிந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பெயர்தான் அரண்மனை, பாதி 1930களில் கட்டிய பணக்கார வீடு. அகழிமேல் உள்ள பழைய கல்பாலம் வழியாகத்தான் போக வேண்டும்.

செங்கல் முகப்பு எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் முன்கூடத்துக்குள் கால் வைத்ததும் ஆளே மாறிவிட்டேன். தலைக்கு மேல் கான்கிரீட் குவிமாடம், அதில் வட்ட வட்டமாகப் பதித்த கண்ணாடி வழியே வெளிச்சம் மெத்தென்று இறங்குகிறது. வாசலின் ஒரு பக்கம் ரோமானிய வீரன், மறுபக்கம் வைக்கிங் வீரன். கிட்டப் போய்ப் பாருங்கள், பெயின்ட் இல்லை, வேறு வேறு நிற மரத்தை மெல்லிசாக வெட்டி இழைத்துப் பதித்தது! ஸ்வீடன்காரர் ரோல்ஃப் எங்ஸ்ட்ரோமர் வடிவமைத்த கூடம் இது.

மாடியில், இந்த வீட்டைக் கட்டிய கோர்ட்டால்ட் தம்பதியில் மனைவி வர்ஜினியாவின் குளியலறை, தொட்டிக்குப் பின்னால் தங்க நிற மொசைக், நடுவில் சிலை. அந்தத் தம்பதி வளர்த்த, குரங்கு மாதிரி இருக்கும் லெமர் என்ற பிராணிக்குக்கூட சூடேற்றிய தனிக் கூண்டு, கீழே இறங்க ஒரு மூங்கில் ஏணி. குழந்தைகளோடு போனால் அங்கிருந்து நகர மாட்டார்கள்.

அப்புறம் அந்தக் கதவு. அதைத் தாண்டினால் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்ட் 1470களில் கட்டிய பெரிய மண்டபம். கருத்த ஓக் உத்தரங்கள் படிப்படியாக நடுவை நோக்கி நீண்டு, ஒரு தூண்கூட இல்லாமல் மொத்தக் கூரையையும் தாங்குகின்றன. எட்டாம் ஹென்றி சிறுவனாக வளர்ந்த இடம், பின்னாளில் தானியக் களஞ்சியமாகிப் பாழடைந்து கிடந்தது. 1933இல் இதைக் குத்தகைக்கு எடுத்த கோர்ட்டால்ட் தம்பதி இடிக்காமல் பழுது பார்த்து, ஒட்டினாற்போல் புது வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பாணியையும் ஒரே அறையில் குழப்பவில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே குறை, மண்டபத்தில் உள்ள பாடகர் மாடம் பழசு மாதிரியே இருக்கும், ஆனால் அவர்கள் சேர்த்தது. அதை விட்டிருக்கலாம்.

இவ்வளவு ஆசையாகக் கட்டியும் 1944இல் போய்விட்டார்கள், அதற்கப்புறம் பல வருஷம் ராணுவக் கல்விப் பிரிவுதான் இருந்தது. சரி, அரை நாளாவது ஒதுக்குங்கள், மண்டபத்தைக் கடைசியாகப் பாருங்கள். கூரையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது, அப்படியும் வெளியே வர மனசே இல்லை.