சோலரைஸ்டு டெர்மினல் தீம்: பின்னணிக்கு முழு மார்க், எழுத்துக்குப் பாதிதான்

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து முற்றம் வைத்த வீடுகளில் பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் வெளிச்சம் மேலிருந்து கொட்டும். அதே கூடத்தில் ராத்திரி ஒற்றை டியூப்லைட்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பகலே அந்திபோல ஆகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க டெர்மினல் (கமாண்டுகளைத் தட்டி வேலைவாங்கும் எழுத்துத் திரை) பார்ப்பவர்களுக்கு ஒரே நிறத் தீம் போதாது. டார்க், லைட் என ஜோடியாக வரும் சோலரைஸ்டு அதனால்தான் முதலில் கண்ணில் படுகிறது.

ஈதன் ஸ்கூனோவர் 2011-இல் வெளியிட்ட இலவசத் தீம் இது. மொத்தம் 16 நிறம்: எட்டு சாம்பல் சாயல்கள், எட்டு அழுத்த நிறங்கள். டார்க்கிலிருந்து லைட்டுக்குப் போனால் சாம்பல்கள் மட்டும் இடம் மாறும், மற்ற எட்டும் அப்படியே இருக்கும். லினக்ஸின் க்னோம் டெர்மினல், கேடிஇ-யின் கன்சோல், விண்டோஸ் டெர்மினல் ஆகிய மூன்று டெர்மினல் செயலிகளிலும் கூடவே வருவதால் தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

முதல் லாபம் நீலத்தில். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கமாண்ட் ஃபோல்டர் பெயர்களை நீலத்தில்தான் காட்டும். எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினலின் நீலம் (சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 0, 0, 238) கறுப்பின் மேல் தருவது வெறும் 2.2 கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள பிரகாச விகிதம் 2.2:1. கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தில் நீலத்தின் பங்கு ஏழு சதவீதம்தான், அதனால் எவ்வளவு அடர்த்தியாகப் போட்டாலும் இருட்டில் கரைந்துவிடும். சோலரைஸ்டின் நீலம் (38, 139, 210) அதன் கரும்பச்சை-நீலப் பின்னணியில் (0, 43, 54) 4.1 வரை வருகிறது. இந்தப் பின்னணிக்குத் தாராளமாக முழு மார்க் போடலாம். சுத்தக் கறுப்பில் வெள்ளை எழுத்து 21:1. சிலிண்டர் பவர் கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த எழுத்து ஓரங்களில் பிசிறடிக்கும், இதில் அந்தத் தொல்லை குறைவு.

சங்கடம் எழுத்து நிறத்தில். டார்க்கில் சாதாரண எழுத்து (131, 148, 150) 4.75:1, லைட்டில் 4.1:1. இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் குறைந்தபட்சமே 4.5. ஆங்கில எழுத்தை இதில் ஒப்பேற்றிவிடலாம், தமிழை முடியாது. 'அடங்கல்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் முதலில் மறைவது ங், ல் இரண்டின் புள்ளிகள்தான். 'அடஙகல' என்று படித்துவிட்டு, தேடும்போது அப்படியே தட்டினால் ஃபோல்டர் கிடைக்காது. டார்க்கில் எழுத்தை 147, 161, 161 ஆக்குங்கள், 5.6 கிடைக்கும். லைட்டில் பகல் வெளிச்சத்துக்கு 7, 54, 66 வைத்தால் 12. இரண்டும் சோலரைஸ்டின் சொந்த நிறங்களே என்பதால் தீமின் முகம் கெடாது. நிறம் தேர்வுசெய்யும் பெட்டி ஹெக்ஸ் (பதினாறடிமான) எண் கேட்டால், கால்குலேட்டரின் புரோகிராமர் மோடில் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது பலரைக் குழப்புவது. டெர்மினலில் 0 முதல் 7 வரை சாதாரண நிறங்கள், 8 முதல் 15 வரை அவற்றின் பளிச் வடிவங்கள். சோலரைஸ்டு அந்தப் பளிச் இடங்களில் பெரும்பாலும் சாம்பல்களைச் சொருகி வைத்திருக்கிறது. 'போல்டு எழுத்தைப் பளிச் நிறத்தில் காட்டு' என்ற டிக் இருந்தால், டார்க்கில் எல்எஸ் போல்டு நீலத்தில் தரும் ஃபோல்டர்கள் சாதாரண எழுத்தின் சாம்பலிலேயே வரும். போல்டு பச்சையில் வரவேண்டிய இயங்கு கோப்புகளுக்கு அதைவிட மங்கல், 2.8 மட்டும். தீம் சரியாக ஏறவில்லை என்று திரும்பத் திரும்ப நிறுவுபவர்கள் பலர், காரணம் அந்த டிக்தான். க்னோமில் புரொஃபைலின் கலர்ஸ் பக்கத்தில் எடுத்துவிடலாம். விண்டோஸ் டெர்மினலில் அழுத்தமான எழுத்துக்கான அமைப்பைப் போல்டு எழுத்துரு என்று மட்டும் வையுங்கள்.

டிக்கை எடுத்தாலும் 8-ஆம் நிறம் மிச்சம். டார்க்கில் அது பின்னணியேதான். கமாண்டுகளை வாங்கி இயக்கும் இசட்-ஷெல்லில் (zsh) தட்டும்போதே பரிந்துரை காட்டும் செருகுநிரல் இதே 8-ஐப் பயன்படுத்துவதால், பரிந்துரை வந்தும் கண்ணுக்குத் தெரியாது. அதன் நிறத்தை 10 ஆக்கினால் வெளியே வரும். லைட்டில் 15-க்கு இதே கதி.

லைட்டின் மஞ்சளும் பச்சையும் 3:1-ஐத் தொடவே திணறும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) புதிதாகச் சேர்த்த வரிகள் பச்சையில் வரும், முற்றத்து வெயிலில் அவைதான் முதலில் போகும். பச்சையை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கியே ஆகவேண்டும்.

இவ்வளவு திருத்தம் எதற்கு என்பவர்களுக்கு க்ரவ்பாக்ஸ் என்ற இன்னொரு தீம். 40, 40, 40 பின்னணியில் 235, 219, 178 எழுத்து, 10.7:1. பழுப்பேறிய காகிதச் சாயல், தமிழ்ப் புள்ளி தெளிவாக நிற்கும். ராத்திரிக்கு மட்டும் சற்றுத் தூக்கல்.

பின்னணியில் பெரிய கோயில் படம் வைத்து அதன்மேல் டெர்மினலை ஒளிபுகும்படி வைப்பது அழகுதான். ஆனால் கோபுரத்தின் வெளிச்சப் பக்கத்தில் ஒரு கான்ட்ராஸ்ட், நிழல் பக்கத்தில் வேறொன்று. மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது. கரண்ட் போனால் டார்க் தீம் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் என்பதும் எல்சிடி திரையில் பலிக்காது, பின்விளக்கு எந்த நிறத்துக்கும் அதே அளவு எரியும். பிரைட்னெஸைத்தான் குறைக்கவேண்டும்.

விலை குறைந்த லேப்டாப்பின் டிஎன் பேனலில் (பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும் எல்சிடி வகை) இன்னொரு சோதனை அவசியம். திரையைப் பத்து டிகிரி பின்னால் சாய்த்து எல்எஸ் அடித்துப் பாருங்கள். சாம்பல்கள் ஒன்றோடொன்று கலந்தால் அந்தத் திரைக்குச் சோலரைஸ்டு வேண்டாம், க்ரவ்பாக்ஸ் போடுங்கள்.