‘மொக்ஸி’: கிளர்ச்சியும் பழைய சிநேகிதியும்

ஜெனிஃபர் மத்தியூ எழுதி 2017இல் வெளியான ‘மொக்ஸி’ என்ற ஆங்கில இளையோர் நாவல், பாடசாலைப் பெண்களின் கிளர்ச்சிக் கதையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. 2021இல் ஏமி போலர் இயக்கி நெட்ஃபிளிக்ஸில் வந்த திரைப்படமும் அந்தப் பெயரையே உறுதிப்படுத்தியது. கிளர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நூலின் மிகச் சிறந்த பக்கங்கள், அந்தக் கிளர்ச்சி இரண்டு பால்ய சிநேகிதிகளுக்கு நடுவே இழுத்துவிடும் விரிசலைப் பற்றியவை என்பது என் கணிப்பு.

கதை டெக்சாஸ் மாநிலத்தின் ஈஸ்ட் ரொக்போர்ட் என்ற சிற்றூரில் நடக்கிறது. அங்குள்ள உயர்நிலைப் பாடசாலையில் அமெரிக்கக் காற்பந்து அணிக்கு மிஞ்சியது எதுவுமில்லை. வகுப்பில் ஒரு மாணவி கருத்துச் சொல்ல வாயெடுத்தால், தனக்கு சாண்ட்விச் செய்து தரும்படி கத்தி அவளை அடக்குகிறான் அணியின் நட்சத்திரமான மிட்செல். அவனுடைய தகப்பனே பாடசாலை அதிபர் என்பதால் ஆசிரியர்களும் கேளாதவர்கள் போல இருந்துவிடுகிறார்கள். பதினாறு வயது விவியன் கார்ட்டர் எந்த வம்புக்கும் போகாதவள். தகப்பனை விபத்தில் இழந்தவள். தாதியாக வேலை செய்யும் தாய் லீசாவுடன் வாழ்கிறாள். அந்தத் தாய் தன் இளமையில் ‘ரயட் கேர்ள்’ எனப்பட்ட, பெண்களின் பங்க் (முரட்டு ராக்) இசை இயக்கத்தோடு திரிந்தவர். அவர் பத்திரப்படுத்தியிருந்த பெட்டியிலிருந்து பழைய கையெழுத்துப் பத்திரிகைகளை எடுத்துப் பார்க்கும் மகள், தானும் பெயர் போடாமல் ஒன்றைத் தயாரித்து, ஒளிநகல் எடுத்து, மாணவிகளின் கழிப்பறைகளில் வைத்துவிட்டு வருகிறாள். அதன் பெயர்தான் மொக்ஸி.

லீசாவின் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வரலாறு உண்மையானது. 1990ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில், அந்த இயக்கத்தைச் சேர்ந்த பிகினி கில் இசைக்குழு உருவானது. அதன் பாடகி கத்லீன் ஹன்னா, மேடைக்கு முன்னால் முட்டி மோதும் ஆண்களைப் பின்னுக்கு அனுப்பிவிட்டுப் பெண்களை முன்வரிசைக்கு அழைத்தவர். அதே இயக்கத்தின் பிராட்மொபைல் இசைக்குழுவை உருவாக்கிய அலிசன் வுல்ஃபும் மொலி நியூமனும் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் சிநேகிதிகளானவர்கள். இருவரும் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகையை நடத்தியவர்கள். வாத்தியத்தில் தேர்ச்சி பெற்ற பிறகே மேடையேற வேண்டும் என்ற கட்டுப்பாட்டை இவர்கள் பொருட்படுத்தவில்லை. மூன்று சுரக்கூட்டுகளும் கோபமும் பக்கத்தில் நிற்க ஒரு சிநேகிதியும் இருந்தால் குழு தொடங்கிவிடலாம் என்ற துணிவே அந்த இசையின் அடித்தளம்.

இந்த இடத்தில் நாவல் எனக்கு ஏமாற்றம் தந்தது. விவியன் தாயின் காலத்துப் பாட்டுகளைக் கேட்கிறாள், கேட்டுச் சிலிர்க்கிறாள். ஆயினும் அந்தக் கரகரப்பான, சுருதி விலகிய சத்தம் வசனங்களுக்குள் வரவில்லை. பங்க் இங்கே தாயிடமிருந்து மகளுக்கு வந்த பழைய சேலை போல இருக்கிறது. அழகாகப் பொருந்துகிறது, ஆனால் மகள் நெய்ததல்ல. இசைக்காகவே இந்த நூலைத் தேடுபவர்கள் பிகினி கில்லின் ஒலித்தட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு வாசிப்பது நல்லது.

குளோடியாவிடம் வரும்போது மத்தியூவின் கை திருந்திவிடுகிறது. சிறு வயதிலிருந்தே விவியனின் நிழலாக இருப்பவள் அவள். ஹூஸ்டனிலிருந்து புதிதாக வந்து சேரும் லூசி ஹெர்னாண்டஸ் துணிச்சலாகப் பேசுகிறாள். விவியன் அவள் பக்கம் ஈர்க்கப்படுகிறாள். மொக்ஸியை நடத்துவது தான்தான் என்பதை விவியன் இருவருக்குமே சொல்வதில்லை. பெண்ணியம் என்ற பேச்சே தேவையற்ற ஆர்ப்பாட்டம் என்று நினைக்கும் குளோடியாவுக்கு, தன் சிநேகிதி ஏதோவொன்றைத் தன்னிடமிருந்து மறைக்கிறாள் என்பது மட்டும் புரிகிறது. பதினாறு வயதில் இத்தகைய விலகல் காதல் முறிவைக் காட்டிலும் கொடியது. மத்தியூ அதைப் பெரிய சண்டையாக ஊதிப் பெருப்பிக்காமல், மதிய உணவு மேசையில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற அளவிலேயே வைத்து எழுதுகிறார். பின்னர் குளோடியாவுக்கே ஒரு கசப்பான அனுபவம் நேரும்போது அவளிடம் வரும் மாற்றமும் மெதுவாக, நம்பும்படி வருகிறது. ஒப்பிட்டால், நல்லவனாகவே வார்க்கப்பட்ட காதலன் சேத் பெரிதாக மனதில் தங்குவதில்லை. அதிபரோ வெறும் அட்டை வில்லன்.

கொழும்பு வாசகிக்கு டெக்சாஸ் அவ்வளவு தூரமாகத் தோன்றாது. இரட்டைப் பின்னலின் ரிப்பனையும் சீருடையின் நீளத்தையும் வாசலில் நின்று பார்க்கும் மாணவத் தலைவிகள் நம் பெண்கள் பாடசாலைகளில் உண்டு. மார்ச் மாதத்து பிக் மெச் எனும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டிக் காலத்தில் லொறிகளிலும் திறந்த வாகனங்களிலும் பப்பரே வாத்தியம் முழங்க வரும் ஆண் பிள்ளைகள் பெண்கள் பாடசாலைகளின் மதில்களில் ஏறுவதை ஊரே மரபு என்று சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்கிறது. வாயிற்கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியவர்கள் பெண் பிள்ளைகளே. விளையாட்டைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் மன்னித்துவிடும் ஈஸ்ட் ரொக்போர்ட்டை இதைவிட எளிதாக விளங்கிக்கொள்ள முடியாது.

தாய்மாரின் பெட்டிதான் வேறுபடுகிறது. லீசா இசை நிகழ்ச்சிகளுக்கு அலைந்துகொண்டிருந்த அதே 1990களில், போர்க்காலக் கொழும்பின் வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் இருந்த தமிழ்ப் பெண்ணின் பெட்டிக்குள் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும்தான் முதலில் இருந்திருக்கும். சத்தம் போடாமல் இருப்பதே பாதுகாப்பு என்று கற்ற தலைமுறை அது. அவற்றுக்கு அடியில், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பு எங்கேனும் ஒரு வீட்டில் இருந்திருந்தால், அதை எடுத்து வாசித்த மகளும் ஒருத்தி இருந்திருக்கக்கூடும். அவளைப் பற்றிய நாவலை இன்னும் எவரேனும் தமிழில் எழுத வேண்டும்.

குளோடியாவின் தயக்கத்துக்கு நாவல் தராத ஒரு காரணத்தைத் திரைப்படம் தருகிறது. படத்தில் அவள் குடியேறிய ஆசியத் தாயின் மகள்; தாய் பட்ட பாட்டை நினைக்கும்போது, விவியனைப் போல விதிகளை மீறிவிட்டுச் சும்மா இருந்துவிட அவளால் முடியாது. மற்ற இடங்களில் நூலே மேலானது என்றாலும், இந்த ஒரு மாற்றத்துக்காகப் படத்தைப் பாராட்டுகிறேன். ரயட் கேர்ள் இயக்கம் பெரும்பாலும் வெள்ளைப் பெண்களுடையதாகவே இருந்தது என்ற விமர்சனத்தை மத்தியூவும் தொட்டுச் செல்கிறார், தொட்டதோடு நகர்ந்துவிடுகிறார். கடைசி அத்தியாயங்களில் வரும் மிகப் பாரதூரமான குற்றச்சாட்டு ஒன்றும், இவ்வளவு வேகமாக முடித்துவைக்கக் கூடாதது.

மொழி எளிமையானது, சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவி அகராதியின் துணையில்லாமலே வாசித்துவிடலாம். பாலியல் தொந்தரவும் வன்புணர்வு முயற்சி பற்றிய பேச்சும் கதையில் இடம்பெறுவதால், பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் முதலில் தாமே வாசித்துப் பார்ப்பது நல்லது. வகுப்பு நூலகத்துக்கு வாங்க நினைக்கும் ஆசிரியைகள் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளை வாங்கலாம். சிநேகிதிகள் இருவர் ஒரே வாரத்தில் வாசித்து, குளோடியா செய்தது சரியா என்று சண்டை பிடிப்பதற்கு ஏற்ற புத்தகம் இது.