தூண்டில் நரம்பா, எலாஸ்டிக் நூலா?

முதல் உலகப்போர் கால இரட்டை இறக்கை விமானமான சாப்வித் கேமலின் மாடலை 1/48 அளவில் கட்டும்போது இறக்கைகளை ஒட்டுவதைவிட, அவற்றுக்கு இடையே கம்பி இழுப்பதுதான் பெரிய வேலை.

முதல் கேமலில் கம்பிக்குப் பதில் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பைத்தான் எடுத்தேன். மேல் இறக்கையில் 0.3 மி.மீ. துளை போட்டு நரம்பை நுழைக்க வேண்டும். நுனியில் துணி கிளிப்பைத் தொங்கவிட்டு, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. காய்ந்ததும் நறுக்கி, துளையை அடைத்து, தேய்த்து, மறுபடி பெயின்ட். தொய்ந்திருந்தால் ஊதுபத்திக் கங்கைப் பக்கத்தில் காட்டினால் போதும், சுருங்கி விறைப்பாகிவிடும். கங்கு பட்டால் அறுந்துவிடும், கவனம்! இறக்கைகளுக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். ரொம்ப இழுத்தால் இறக்கையே வளையும்.

எலாஸ்டிக் நூலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு முனையை ஒட்டி, லேசாக இழுத்து மறுமுனையை ஒட்டினால் சரி. விரல் பட்டாலும் வளைந்து பழையபடி நிற்கும். பலம்தான் தராது.

அப்புறம், நிஜக் கேமலின் வெளிக்கம்பிகள் காற்றைக் கிழிக்கும்படி தட்டையானவை. பட்டையான எலாஸ்டிக் நூலை முறுக்கில்லாமல் ஒட்டினால் அந்தத் தோற்றம் அழகாக வருகிறது. அதனால் இரண்டாவது கேமலுக்கு நூல்தான். 1/32 போன்ற பெரிய மாடலுக்கு இன்னும் நரம்பையே எடுப்பேன்.