பேராசிரியரா, தன்னார்வலரா, கன்சல்டன்டா? ஒரு நகராட்சி யாரை நம்பி இறங்கலாம்

2014 வாக்கில் சிகாகோவில் உணவு விற்கும் இடங்கள் 15,000-க்கும் மேல் இருந்தன. அவற்றைச் சோதிக்க இருந்த சுகாதார இன்ஸ்பெக்டர்கள் ஏறக்குறைய மூன்று டஜன் பேர். எந்தக் கடைக்கு முதலில் போவது? மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரத்தில் எந்த வீட்டுக்கு ஈயக் குழாய் போகிறது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாமல் இருந்தது. எங்கே முதலில் தோண்டுவது? நியூயார்க்கில் வீடுகளைச் சட்டவிரோதமாகச் சிறு அறைகளாகப் பிரித்து, அளவுக்கு மீறி ஆட்களைக் குடிவைப்பதாக ஆண்டுக்குச் சுமார் 25,000 புகார்கள் வந்தன. எந்தப் புகாருக்கு முதலில் ஆள் அனுப்புவது?

ஊர் வேறு, துறை வேறு. ஆனால் மூன்று இடத்திலும் சிக்கல் ஒன்றுதான்: ஆள் கொஞ்சம், வேலை மலையளவு, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கையில் இருக்கும் பதிவுகளை வைத்தே இதற்கு நல்ல பதில் கண்டுபிடிக்கலாம். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள்தான் நகராட்சி அலுவலகங்களில் அரிது. பல்கலைக்கழகத்தை அழைக்கலாம். திறமையைச் சம்பளமில்லாமல் தர முன்வருகிற தன்னார்வலர்களை அழைக்கலாம். காசு கொடுத்து ஒரு நிறுவனத்தைப் பிடிக்கலாம். இல்லையென்றால் உள்ளேயே ஒரு சின்னக் குழுவை உருவாக்கலாம். அமெரிக்க நகரங்கள் நான்கையும் செய்து பார்த்துவிட்டன.

பிளின்ட்டிலிருந்து தொடங்குகிறேன். பல்கலைக்கழகத்தின் பலமும் கன்சல்டன்ட் வழியின் ஆபத்தும் ஒரே ஊரில், அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிப்பட்ட இடம் அது.

2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக அந்நகரின் குடிநீர் பிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குடிநீரில் கலந்தது. ஆபத்து இல்லை என்றே அதிகாரிகள் சொல்லிவந்தார்கள். 2015-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு சோதனைப் பாட்டில்களை அனுப்பியது. ஊர் மக்களே வீடு வீடாக நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை மருத்துவமனைப் பதிவுகளை வைத்துக் காட்டினார். அரசு சொல்வது தவறு என்று அரசிடமே சொல்லும் துணிவும் அதற்கான ஆதாரமும் அவர்களிடம் இருந்தன. அந்த அரசிடமே கட்டணம் வாங்கும் நிறுவனத்திடம் இதை எதிர்பார்க்க முடியாது. பல்கலைக்கழகத்துக்கு நான் தரும் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

அப்புறம் குழாய்களை மாற்றும் கட்டம் வந்தது. நகரத்தின் பதிவுகள் கையால் எழுதிய அட்டைகளிலும் பழைய வரைபடங்களிலும் கிடந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிளின்ட் வளாகம் அவற்றைக் கணினியில் ஏற்றியது. ஆன் ஆர்பர் வளாகத்தின் பேராசிரியர்கள் ஜேக்கப் அபர்நெதி, எரிக் ஷ்வார்ட்ஸ் இருவரும் டேட்டா சயன்ஸ் படிக்கும் மாணவத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கணிப்பு மாடலை உருவாக்கினார்கள். பதிவில் தாமிரம் என்று இருக்கும், தோண்டினால் ஈயம் வரும். அதனால் பதிவோடு வீட்டின் வயது, மதிப்பு, இருக்கும் பகுதி எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொரு வீட்டிலும் ஆபத்தான குழாய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணித்தார்கள். தோண்டத் தோண்டக் கிடைத்த விவரங்கள் மாடலைத் திருத்தின. 2017-ல் பார்த்த 8,833 வீடுகளில் 6,228-ல் மாற்ற வேண்டிய குழாய் இருந்தது. அதாவது சுமார் 70 சதவீதம்.

அதன் பிறகு பணியை மேற்பார்வையிடும் ஒப்பந்தம் ஏஇகாம் என்ற பெரிய பொறியியல் நிறுவனத்துக்குப் போனது. மாடல் கூடவே போகவில்லை. 2018-ல் டிசம்பர் நடுப்பகுதி வரை 10,531 இடங்களில் தோண்டினார்கள். ஈயக் குழாய் கிடைத்தது 1,567-ல்தான், சுமார் 15 சதவீதம். தாமிரக் குழாய் இருந்த வீடுகளின் முற்றங்கள் தோண்டப்பட்டுக்கொண்டிருக்க, ஈயக் குழாய் இருந்த வீட்டுக் குழந்தைகள் இன்னும் காத்திருந்தார்கள். இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

ஆனால் நகர நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. "பக்கத்து வீட்டை மாற்றினீர்கள், என் வீட்டை மட்டும் ஏன் விட்டீர்கள்?" என்று மக்கள் கேட்டார்கள். ஒருமுறை ஏமாற்றப்பட்ட ஊர் அது. "உங்கள் வீட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு குறைவு என்று கணினி சொல்கிறது" என்ற பதிலை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? தெருவில் ஒரு வீட்டையும் விடாமல் தோண்டுவது அந்தக் கோபத்துக்கு எளிதான பதிலாக இருந்தது. எண்களைச் சரியாகப் போட்ட பேராசிரியர்களால் அந்த நம்பிக்கையைக் கட்டித் தர முடியவில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல, நகரத்தின் வேலை. கடைசியில் 2019-ல், ஊரின் பாதிரியார்கள் அமைப்பும் இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் நடத்திய வழக்கின் சமரச உடன்பாட்டின் மூலம்தான் மாடல் திரும்பி வந்தது.

இதில் கன்சல்டன்ட்டை மட்டும் குறை சொல்வது சரியல்ல. நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத்தான் செய்யும். என்ன எழுத வேண்டும் என்று தெரிந்த ஆள் நகராட்சிக்குள் இருக்க வேண்டும்.

அப்படி ஆள் இருந்த ஊர் சிகாகோ. அங்கே மாநகராட்சிக்குச் சொந்த டேட்டா குழு இருந்தது, பழைய சோதனை முடிவுகள் பொதுமக்களும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருந்தன. ஆல்ஸ்டேட் காப்பீட்டு நிறுவனத்தின் பகுப்பாய்வாளர்கள் சிவிக் கன்சல்டிங் அலையன்ஸ் என்ற அமைப்பின் வழியாகக் கட்டணமில்லாமல் உழைப்பைத் தந்தார்கள். விபத்து வாய்ப்பைக் கணிப்பது காப்பீட்டுக்காரர்களின் அன்றாடத் தொழில். கேள்வியும் குறுகலானது: கடும் விதிமீறல் எந்தக் கடையில் முதலில் அகப்படும்? முந்தைய விதிமீறல்கள், கடைசிச் சோதனைக்குப் பிறகு கடந்த நாட்கள், அக்கம்பக்கக் குப்பைப் புகார்கள், அந்த நாட்களின் வெயில் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தார்கள். 2014 செப்டம்பர், அக்டோபரில் இன்ஸ்பெக்டர்களின் வழக்கமான வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வழக்கமான முறையில், கடும் விதிமீறல்களில் 55 சதவீதம் அந்தச் சோதனைக் காலத்தின் முதல் பாதியிலேயே பிடிபட்டது. புதிய வரிசைப்படி போயிருந்தால் 69 சதவீதம் பிடிபட்டிருக்கும். சராசரியாக ஒரு வாரம் முன்னதாக. கெட்டுப்போன கோழிக்கறி விஷயத்தில் ஒரு வாரம் மிகப் பெரிய காலம். மாடலின் நிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டதும் முக்கியம். தன்னார்வலர்கள் கலைந்து போனாலும் வேலை போகவில்லை.

நியூயார்க் பூங்காத் துறைக்கு, பொதுநலப் பணிகளுக்கு டேட்டா வல்லுநர்களைத் தரும் டேட்டாகைண்ட் அமைப்பின் தன்னார்வலர்கள் செய்ததும் இதே வகை. மரங்களைக் கவாத்து செய்தால் அடுத்த ஆண்டு புயலில் விழுந்து அகற்ற வேண்டிய அவசர வேலை குறைகிறதா என்று கேட்டார்கள். சில வகை ஆபத்துகளில் 22 சதவீதம் குறைகிறது என்று பதில் வந்தது. ஒரு கேள்வி, ஒரு பதில், முடிந்தது. தன்னார்வலர்களிடம் இப்படித்தான் கேட்க வேண்டும். வருடக்கணக்கில் ஓட வேண்டிய வேலையை வேறெங்கோ வேலை பார்ப்பவரின் சனிக்கிழமையில் தொங்கவிடக் கூடாது.

பாஸ்டன் கதை எல்லோருக்கும் கொஞ்சம் அடக்கத்தைக் கற்றுத் தருவது. 2015-ல் பொருளாதாரப் பேராசிரியர்கள், உணவகங்களைப் பற்றி வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் தளமான யெல்ப் நிறுவனம், மாநகராட்சி சேர்ந்து உணவக விதிமீறலைக் கணிக்கும் போட்டி ஒன்றை நடத்தினார்கள். பரிசு மொத்தம் 5,000 டாலர். 700-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். வென்ற அல்காரிதத்தைப் பயன்படுத்தினால் இன்ஸ்பெக்டர்களின் பயன் 30 முதல் 50 சதவீதம் வரை கூடும் என்பது மதிப்பீடு. பல்கலைக்கழகம், தன்னார்வலர் என இரண்டு வழியையும் மலிவாகக் கலந்த முறை இது. ஆனால் பிறகு நடத்திய களச் சோதனையில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. ஒவ்வொரு கடையின் பழைய விதிமீறல்களின் சராசரியை வைத்துப் போட்ட எளிய வரிசையும் ஏறக்குறைய அதே அளவுக்கு வேலை செய்தது. இன்ஸ்பெக்டர்களோ பல நேரம் கொடுத்த வரிசையைப் பின்பற்றாமல் தங்கள் இஷ்டப்படிதான் போனார்கள்.

அந்த இரண்டாவது விஷயத்தில்தான் உள்குழு ஜெயிக்கிறது. நியூயார்க்கில் முன்னாள் அரசு வழக்கறிஞர் மைக் ஃப்ளவர்ஸ் தலைமையில் மேயர் அலுவலகத்திலேயே இளைஞர்களின் சிறு குழு ஒன்று இருந்தது. பல துறைகளின் பதிவுகளை ஒன்றாக்கினார்கள். அதோடு இன்ஸ்பெக்டர்களுடன் தெருவிலும் இறங்கினார்கள். புதிதாகச் செங்கல் வேலை செய்த கட்டிடத்தைப் பார்த்ததும், இங்கே பிரச்சினை இருக்காது என்று அனுபவசாலி ஒருவர் சொன்னாராம். செங்கல் வேலைக்கான அனுமதிப் பதிவும் கணக்கில் சேர்ந்தது, உதவியது. ஆட்களை வெளியேற்ற உத்தரவிடும் அளவு ஆபத்தான வீடுகள் முன்பு சோதனைகளில் 13 சதவீதமாக இருந்தன, பிறகு 70 சதவீதத்தைத் தாண்டின. அந்த இன்ஸ்பெக்டரின் அறிவைக் கூடவே நடக்கும் ஆளால்தான் எடுக்க முடியும்.

சரி, எதைத் தேர்வது? ஆபத்து பெரிது, பதிவுகள் குழப்பம், நிர்வாகத்தின் சொல்லையே சோதிக்க வேண்டும் என்றால் பல்கலைக்கழகம்தான். ஆனால் செமஸ்டர் முடியும், மாணவர்கள் பட்டம் வாங்கிப் போவார்கள், பேராசிரியர் வேறு ஊருக்கு மாறுவார். அதனால் மாடல் யாரிடம் தங்கும் என்பதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். டேட்டா தயார், கேள்வி சின்னது என்றால் தன்னார்வலர் போதும். கணிப்பின் அடிப்படையில் செய்யும் பெருவேலைக்கு, தோண்டுவது மாதிரியானவற்றுக்கு, நிறுவனம் வேண்டும். மூன்றில் எதை எடுத்தாலும் முதல் செலவு, உள்ளே உட்காரும் ஒரு முழுநேர ஆளின் சம்பளமாக இருக்கட்டும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

வெளியாட்களை அழைக்கும் முன் அந்த ஆள் ஒரு வேலை செய்யட்டும்: கடந்த மூன்று வருட விதிமீறல்களைக் கடைவாரியாக எக்செல்லில் சராசரி போட்டு, அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தட்டும். பேராசிரியரோ தன்னார்வலரோ கன்சல்டன்டோ, யார் வந்தாலும் அந்த வரிசையைவிட எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள் என்று முதல் கூட்டத்திலேயே கேட்கட்டும்.