புல்மோட்டை மணலும் இரண்டு கருவிகளும்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

இலங்கையின் வடகிழக்குக் கரையிலுள்ள புல்மோட்டை மணலில் இல்மனைட் (டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த கறுப்புக் கனிமம்), சிர்க்கோன் (சிர்க்கோனியம் உள்ள கனிமம்) எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, திருகோணமலையில் எக்ஸ் கதிர் பகுப்பாய்வுக் கருவியோடு சில வருடங்களாக மாரடிக்கிறேன். மணலில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி விடும், அதை உணரி எண்ணும். முன்பு, தானாகச் சிதைந்து கதிர் விடும் காட்மியம்-109 என்ற கதிரியக்க மூலம் வைத்த பழைய கருவி. இப்போது, கரண்டில் கதிர் உண்டாக்கும் எக்ஸ் கதிர்க் குழாய் வைத்தது.

காட்மியம் சொன்ன சொல் தவறாது. கரண்ட் ஏறி இறங்கட்டும், கச்சான் காற்று அனலாய் வீசட்டும், அது சிதையும் வேகம் மாறாது. ஆனால் அரைவாழ்வு, அதாவது கதிர் பாதியாகக் குறையும் காலம், 462 நாள்தான். போகப் போக ஒரு மணல் மாதிரியை அளப்பதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். புது மூலம் எடுப்பதென்றால் அனுமதி, இறக்குமதி, பழையதைத் திருப்பி அனுப்புவது என்று தனிக் கூத்து.

விண்வெளித் தொலைநோக்கிக்காரர்களுக்கும் இதே தலையிடிதான். நம்ம வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் கொண்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 1999இல் போனபோது, உணரியைச் சரிபார்க்க இரும்பு-55 என்ற கதிரியக்க மூலம் வைத்து அனுப்பினார்கள். அது மாங்கனீசாகச் சிதையும்போது 5.9 கிலோ இலத்திரன்வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கதிர் வரும். அரைவாழ்வு 2.7 வருடம். 25 வருடத்தில் 500இல் ஒரு பங்குகூட மிஞ்சாது, மேலே போய் மாற்றவும் ஆளில்லை. அதனால் காசியோப்பியா ஏ போன்ற வெடித்த விண்மீன் எச்சங்களைப் பார்த்தும் சரிபார்க்கிறார்கள். 2023இல் ஏவிய ஜப்பானின் எக்ஸ்ரிசம் தொலைநோக்கியில் இரும்பு-55ஓடு, போட்டு அணைக்கக்கூடிய மூலமும் உண்டு. எல்ஈடி வெளிச்சம் பட்டு வெளிவரும் இலத்திரன்களை உயர் மின்னழுத்தத்தில் உலோகத்தில் மோதவிட்டால் எக்ஸ் கதிர். எப்போது மின்னியது என்று தெரிவதால் விண்மீனின் கதிரோடு கலந்து குழப்பாது.

என் குழாய்க் கருவி அவ்வளவு சூரன் இல்லை. சுவிட்சைப் போட்டதும் அளக்கக் கூடாது, சூடாக விட வேண்டும். அப்புறம் கூடவே வந்த, சரிபார்ப்பதற்கான 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் தட்டை வைத்துப் பார்ப்பேன். இரும்பு விடும் கதிரின் ஆற்றல் (இரும்பின் கோடு) 6.40 கிலோ இலத்திரன்வோல்ட் என்பது அணுவின் கணக்கு, அதில் குழாய்க்குக் கை இல்லை. குழாயால் கூடிக் குறைவது வந்து சேரும் கதிர்களின் எண்ணிக்கைதான். ஆனால் ஏசி அறையில் சரிபார்த்துவிட்டு மத்தியான வெயிலில் கடற்கரைக்குக் கொண்டுபோனால், உணரிப் பக்கத்துச் சூட்டில் திரையில் அந்தக் கோட்டின் முகடே சற்று நகர்ந்து தெரியும். வெளியில் போய் மறுபடி தட்டை வைத்தே ஆக வேண்டும்.

உணரிக்குக் கதிர் நுழையும் பெரிலியம் உலோகச் சாளரம் முடியைவிட மெல்லியது. அதற்கு முன்னால் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தில் கறுப்பு மணல் ஒட்டியிருந்தால், மணலே இல்லாத மாதிரியிலும் டைட்டானியம் காட்டும். படலத்தைத் தாராளமாக மாற்றுங்கள், சாளரத்தில் மட்டும் விரல் வைக்காதீர்கள்.

மணல் வேலைக்கு இன்றைக்கு வாங்குவதென்றால் குழாய்தான். கருவியோடு எஃகுத் தட்டும் உபரிப் படலமும் வருகிறதா என்று காசு கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.